வெயிலுமுத்து நல்

சம்பளச் சீட்டை என் மேசைமேல் வைத்து
விரலால் தட்டினார்.
"யாரும்மா இந்த நல்?"

சோஹார் துறைமுகத்துக்கு வெளியே தகரக் கூரை அலுவலகம்.
ஏசி இருமிக்கொண்டிருந்தது.
அவர் பூட்ஸிலிருந்து உதிர்ந்த கருந்தூள்
கதவிலிருந்து மேசைவரை ஒரு பாதை போட்டிருந்தது.
சீட்டில் ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில்:
வெயிலுமுத்து நல்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரே பேர்.
குடும்பப் பெயர்க் கட்டம் காலி.
என் ஸ்கிரிப்ட் அந்தக் கட்டத்தைக் கேட்டது,
ஒன்றுமில்லை என்று பதில் வந்தது,
அந்த ஒன்றுமில்லையை எழுத்தாக்கிப்
பேருக்குப் பின்னால் ஒட்டிவிட்டது.
ஆங்கிலத்தில் இன்மைக்கு நான்கு எழுத்து.
நம் வாய்க்கு வந்தால் இரண்டு,
நல்வரவு நல்வழி நல்லெண்ணெய் என்று
பின்னால் எதுவோ வரக் காத்திருக்கும் சொல்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
விரல் கீழே இறங்கியது.
பதினாலாம் தேதி. வேலை நேரம்: 0.

"அன்னிக்கு டேங்குக்குள்ளல்ல இருந்தேன்."
முழங்கையைத் திருப்பினார்.
உரிந்த இடத்தில் புதுத்தோல், ஐந்து ரூபாய் நாணயம் அளவு.

இரண்டாம் கேட்டின் அட்டைப் பெட்டி
அன்று ஈரக்காற்றில் செத்துக் கிடந்திருக்கிறது.
வந்தாரா என்று ஸ்கிரிப்ட் கேட்டிருக்கிறது.
பெட்டி மாஃபி என்று சொல்லவில்லை.
மாஃபி மாலூம் என்றுகூடச் சொல்லவில்லை.
இங்கே வந்து இறங்கிய முதல் வாரமே
எவனும் கற்றுக்கொள்கிற வித்தியாசம் அது,
இல்லை வேறு, தெரியாது வேறு.
பெட்டி சும்மா இருந்தது.

மார்ச்சில் ஒரு நடுராத்திரி
இப்படிச் சும்மா இருந்த ஒரு பதிலால்
சம்பள ஓட்டம் பாதியில் நின்று,
மேலாளர் மூன்று தரம் கூப்பிட,
இரண்டு கேள்விக்குறி, பக்கத்தில் ஒரு சுழியம்,
தட்டிவிட்டுத் தூங்கப் போனவள் நான்தான்.
கேள்வியும் கேட்டு
பதிலும் நானே சொல்லி.

மௌனம் சம்மதம் என்பார்கள்.
என் கோப்பில் மௌனம் ஆப்சென்ட்.

தோண்டினால் இன்னொன்று.
ஓவர்டைம் எழுத்தாக வருகிறது: 2.75.
எண்ணாக மாற்றும் வரியில்
புள்ளிக்குப் பின்னால் இருந்ததைக் கடல் கொண்டுபோயிருந்தது.
தினம் முக்கால் மணி, இருபத்திநாலு நாள்,
மணிக்கு நானூற்றைம்பது பைசா.
எட்டு ரியால் நூறு பைசா.
அவர் இதைக் கேட்கவே இல்லை.

தோன்றல், திரிதல், கெடுதல்.
பேரில் தோன்றியது, மௌனம் திரிந்தது, முக்கால் கெட்டது.
பத்தாம் வகுப்பில் புணர்ச்சிக் கேள்வியை
எழுதாமல் விட்டுவிட்டு வந்தவள்தான்.

ஷைமா அல் பலூஷி ஃபோர்மேன் பைஜுவைக் கூப்பிட்டாள்.
பதினாலாம் தேதி? மௌஜூத், என்றாள் என்னைப் பார்த்து,
இருந்தார் என்று. பேனாவில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அன்றிரவு அந்தச் சுழியத்தை அழித்தேன்.
பதில் வராத இடத்தில் நில், கேள், என்று எழுதினேன்.
ஓட்டம் நாற்பத்தொரு இடத்தில் நின்றது.
நாற்பத்தொரு பேர், அதில் ஒன்பது பேர் ஊருக்கே போய்விட்டவர்கள்.
"முன்னாடியெல்லாம் எரரே வராதே?" என்றார் மேலாளர்.
ஆமாம் சார், முன்னாடி வராது.

மறுநாள் அவரை வரச் சொல்லியிருந்தேன்.
நல் போய்விட்டது, ஆனால் கட்டம் காலியாக இருந்தால்
அமைச்சகத்துப் பக்கம் ஏற்காது.
"அப்பா பேரைப் போட்டுடட்டுமா?"

ஜன்னலைப் பார்த்தார்.
கிரேன் ஒன்று வெறுங்கொக்கியோடு திரும்பிக்கொண்டிருந்தது.

கட்டத்துக்குள் கர்சர் துடித்தது.
ஷைமா தேநீர் கொண்டுவந்து வைத்தாள், மூன்று கோப்பை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.